இரண்டுங்கெட்டான் சீட்டு

காணிக்கைத் தட்டில் நாணயமும் தாளும் விழுவதைப் பார்த்துப் பழகியவன் நான். எங்கள் பக்கத்துக் கிராமப் பங்குகளில் அறுவடைக் காலத்தில் நெல்லும் முட்டையும், ஒருமுறை கால் கட்டிய சேவலும்கூடப் பீடத்தின் முன் வந்ததுண்டு. ஆனால் 2012-ஆம் ஆண்டு, ஆயரின் அனுமதியோடு அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் பணியாற்றச் சென்ற முதல் ஞாயிறன்று தட்டில் கிடந்தவை எனக்குப் புதியவை. பச்சையும் சிவப்புமாய், பழைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாய், வட்டமான நான்கைந்து வில்லைகள். ஏதோ குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் என்று எண்ணி அவற்றை ஒதுக்கி வைத்தேன். காணிக்கை எண்ண வந்திருந்த முதியவர் ஒருவர் பச்சை வில்லையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஃபாதர், நீங்கள் குப்பையில் போடவிருந்தது இருபத்தைந்து டாலர்" என்றார்.

சூதாட்டக் கூடங்களில் பணத்திற்குப் பதிலாகப் புழங்கும் வில்லைகள் அவை. வென்றவர்கள் நன்றியாகவும், தோற்றவர்கள் வேண்டுதலாகவும் தட்டில் போடுகிறார்கள். திங்கட்கிழமைதோறும் யாராவது ஒருவர் அவற்றை எடுத்துச் சென்று பணமாக மாற்றி வரவேண்டும். நெவாடா மாநிலத்தில் 1931 முதல் சூதாட்டம் சட்டம் அனுமதித்த தொழில். நம்மூரில் ஒரு மில்லை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்வதுபோல் அங்கே அந்தக் கூடங்களை நம்பி வாழ்கிறார்கள். என் பங்கு மக்களில் பலர் அங்கே அறை துப்புரவு செய்பவர்கள், சமையல் வேலை பார்ப்பவர்கள், இரவுக் காவலர்கள். வில்லையை என் கையில் வைத்த அந்த முதியவர் முப்பத்தோராண்டுகள் சீட்டுப் பிரித்துப் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் வேறொரு மாநிலத்தில். இதயம் பலவீனப்பட்டு அவரால் கோவிலுக்கு வர இயலாமற் போனபோது, வியாழக்கிழமைதோறும் நற்கருணை கொண்டு செல்வது என் வழக்கமாயிற்று.

செபம் முடிந்ததும் அவர் காப்பி கலப்பார். பிறகு, தனிமையில் இருப்பவர்களுக்கே உரிய தயக்கத்தோடு, "இன்னும் அரை மணி இருப்பீர்களா?" என்பார். அந்த அரை மணிகளில்தான், அவர் வீட்டு அடுக்களை மேசையில், காய்ந்த அவரைக் கொட்டைகளைப் பந்தயமாக வைத்து, போக்கர் என்னும் சீட்டாட்டத்தைக் கற்றேன்.

குருவானவருக்கு இது தகுமா என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2413-ஆம் எண்ணைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். சீட்டாட்டமும் பந்தயமும் தம்மளவில் நீதிக்கு எதிரானவை அல்ல என்றும், ஒருவருக்கும் அவரை நம்பியிருப்போருக்கும் தேவையானதைப் பறிக்கும்போது அவை தவறாகின்றன என்றும், அந்த மோகம் மனிதனை அடிமையாக்கக்கூடும் என்றும் அது சொல்கிறது. அவரைக் கொட்டைக்கு ஆடுவதால் யாருடைய சோறும் பறிபோகாது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். அந்த எண்ணின் பிற்பகுதியை நான் போதிய கவனத்தோடு படிக்கவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

* * *

வாசகர்களில் பலருக்கு இந்த ஆட்டம் பழக்கமிராது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். பிறகு மேசை நடுவே ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். முதலில் மூன்று, பின் ஒன்று, பின் மற்றொன்று. தன் இரண்டையும் பொதுவான ஐந்தையும் சேர்த்து, அவற்றுள் சிறந்த ஐந்து யாருக்கு அமைகிறதோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டவேண்டும். அப்போது மூன்று வழிகள் உண்டு: சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம்; மற்றவர் கட்டியதற்கு ஈடாகக் கட்டித் தொடரலாம்; அதைவிட உயர்த்திக் கட்டலாம். 'வரம்பில்லா ஆட்டம்' என்ற வகையில், எந்தக் கணத்திலும் ஒருவர் தன் முன் இருக்கும் அனைத்தையும் ஒரே பந்தயமாக வைக்கலாம். ஆகவே ஒரே ஒரு தவறு போதும், எல்லாம் போய்விடும்.

ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து இரண்டை எடுக்க 1,326 விதங்கள் உண்டு. அவற்றுள் மிகச் சிறந்தது இரண்டு ஆஸ். 221 முறைக்கு ஒருமுறைதான் கைக்கு வரும். எந்தச் சோடியானாலும் சரி என்றால் பதினேழு முறைக்கு ஒருமுறை வரலாம். மிக மோசமானது, சின்னம் வேறுபட்ட ஏழும் இரண்டும் என்பார்கள். இந்த இரு முனைகளிலும் யாருக்கும் குழப்பமில்லை. இரண்டு ஆஸ் வந்தால் குழந்தைகூட ஆடும். ஏழும் இரண்டும் வந்தால் குழந்தைகூடக் கவிழ்த்துவிடும். துன்பமெல்லாம் நடுவில் இருப்பவற்றால்தான். ராஜாவும் ஜாக்கியும், ஆஸும் ஒன்பதும், ராணியும் பத்தும் என வருபவை அவை. பார்க்க அழகாக இருக்கும். தூக்கிப் போட மனம் வராது. நம்பி இறங்கவும் முடியாது. நம் மொழியில் இவற்றுக்குப் பொருத்தமான பெயர் உண்டு: இரண்டுங்கெட்டான்.

"ஏழும் இரண்டும் வந்து வீட்டை இழந்தவனை நான் பார்த்ததில்லை, ஃபாதர்" என்றார் முதியவர் ஒருநாள். "ராஜாவும் ஜாக்கியும் வந்து இழந்தவர்களை எண்ணி முடியாது. நானே ஒருவன்."

காரணத்தை அவரே விளக்கினார். சோடியில்லாத இரண்டு சீட்டுகள் கையிலிருந்தால், முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் மூன்று முறைக்கு ஏறத்தாழ ஒருமுறை ஒரு சோடியாவது அமையும். ராஜா ஒன்று திறக்கிறது என்று கொள்வோம். எனக்கு ராஜா சோடி! மனம் துள்ளுகிறது, பந்தயம் கட்டுகிறேன். என்னைவிடத் தாழ்ந்த சீட்டு வைத்திருப்பவர்கள் விலகிக்கொள்கிறார்கள். அவர்களிடமிருந்து எனக்குக் கிடைப்பது சொற்பம். விலகாமல் எதிர்த்து நிற்பவர் யார்? பெரும்பாலும் ஆஸும் ராஜாவும் வைத்திருப்பவர், அல்லது ராஜாவும் ராணியும் வைத்திருப்பவர். அவருக்கும் அதே ராஜா சோடி. ஆனால் துணைச் சீட்டில் என்னை வென்றுவிடுகிறார். ஆஸ்-ராஜாவை எதிர்த்து ராஜா-ஜாக்கி தொடக்கத்திலேயே மோதினால் நான்கு முறைக்கு மூன்று முறை போலத் தோற்கும். ஆக, இந்தச் சீட்டு வெல்லும்போது சிறிதாக வெல்கிறது. தோற்கும்போது பெரிதாகத் தோற்கிறது. கெட்ட சீட்டு நம்மை ஏமாற்றுவதில்லை. ஏறக்குறைய நல்லதாக இருக்கும் சீட்டுதான் ஏமாற்றுகிறது.

குருமடத்தில் புனித இஞ்ஞாசியாரின் தெளிந்து தேர்தல் விதிகளைப் படித்தது நினைவுக்கு வந்தது. ஆன்மீக வாழ்வில் சற்று முன்னேறியவர்களிடம் சோதனை தீமையின் முகத்தோடு வருவதில்லை, நன்மையின் வேடத்தில் வருகிறது என்பது அவ்விதிகளின் சாரம். தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய அந்தப் பாடத்தின் பொருள் ஓர் அடுக்களை மேசையில், ராஜாவும் ஜாக்கியும் வடிவில் விளங்கியது.

* * *

பணத்துக்கு ஆடும் ஆட்டம் வேறு, போட்டியாட்டம் வேறு என்பதையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். போட்டியில் எல்லாரும் ஒரே நுழைவுத் தொகை கட்டி, சம அளவு வில்லைகளோடு தொடங்குவார்கள். வில்லைகள் தீர்ந்தவர் எழுந்து போகவேண்டும். இறுதிவரை நிலைப்போருக்கே பரிசு. லாஸ் வேகஸில் 1970-இல் தொடங்கிய உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்கு 1972 முதல் நுழைவுத் தொகை 10,000 டாலர். 2003-இல் அதில் 839 பேர் ஆடினார்கள். அந்த ஆண்டு, இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று வந்த ஒரு கணக்கர் 25 லட்சம் டாலர் வென்றார். அதன்பின் கூட்டம் பெருகியது; 2023-இல் 10,043 பேர். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பியவர்கள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போட்டியில் ஒரு விந்தையான கணக்கு இருக்கிறது. பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் கட்டி ஆடுகிறார்கள். மொத்தம் 1,000. முதல் பரிசு 500, இரண்டாவது 300, மூன்றாவது 200. முதல் ஆட்டத்திலேயே ஒருவர் இன்னொருவரின் வில்லைகள் அனைத்தையும் வென்றுவிட்டார். இப்போது அவரிடம் இருமடங்கு வில்லைகள். அவற்றின் மதிப்பு 200 டாலர் என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை. கடைசியில் எல்லா வில்லைகளும் ஒருவரிடமே சேர்ந்தாலும் அவருக்குக் கிடைப்பது 500 மட்டுமே. ஆகவே இருமடங்கு வில்லைகளோடு அவர் முதலாவதாக, இரண்டாவதாக, மூன்றாவதாக வரும் வாய்ப்புகளைக் கணக்கிட்டால், அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 184 டாலர். தோற்றவர் இழந்ததோ முழு 100. வென்றால் 84, தோற்றால் 100! மீதிப் பதினாறு டாலர் எங்கே போயிற்று? கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த மற்ற எட்டுப் பேருக்கும் தலா இரண்டு டாலர் போலப் பகிர்ந்து போயிற்று.

எனவே போட்டியில், பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள சீட்டில் எல்லாவற்றையும் வைப்பது நட்டம். மேற்சொன்ன நிலையில் நூற்றுக்கு ஐம்பத்து நான்கு வாய்ப்பாவது வேண்டும். இழந்த வில்லை எப்போதும் வென்ற வில்லையைவிட விலை கூடியது. இரண்டுங்கெட்டான் சீட்டு போட்டியில் இன்னும் இரண்டுங்கெட்டதாகிவிடுவது இதனால்தான்.

இந்தக் கணக்கின் வேர் ஒரு கத்தோலிக்கச் சிந்தனையாளரிடம் இருக்கிறது. பாதியில் நின்றுபோன ஓர் ஆட்டத்தின் பந்தயப் பணத்தை, அவரவர் வெல்லும் வாய்ப்புக்கு ஏற்ப எப்படிப் பிரிப்பது என்று 1654-ஆம் ஆண்டு பாஸ்கலும் பெர்மாவும் கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். நிகழ்தகவுக் கணிதம் அங்கிருந்துதான் வளர்ந்தது. அதே ஆண்டு நவம்பர் 23-ஆம் நாள் இரவில் பாஸ்கல் ஆழ்ந்த இறையனுபவம் ஒன்றைப் பெற்றார். அதைத் தாளில் எழுதி, 1662-இல் இறக்கும்வரை மேலங்கியின் உள்ளே தைத்து வைத்திருந்தார். சூதாட்டக் கணக்கும் அந்த இரவும் ஒரே மனிதரின் ஒரே ஆண்டில் நிகழ்ந்தவை.

* * *

2016-இல் ஒருநாள் முதியவர் உடல்நிலை சற்றுத் தேறி, நகரின் பழைய பகுதியில் நடந்த ஒரு சிறு போட்டிக்கு என்னையும் அழைத்துச் சென்றார். கழுத்துப் பட்டையின்றி, சாதாரணச் சட்டையில் சென்றேன். நுழைவுத் தொகை 60 டாலர். அதை அவர் ஒரு காகித உறையிலிருந்து எடுத்துக் கட்டினார். வாரத்திற்கு ஓர் உறை, உறையில் மூன்று இருபது டாலர் தாள்கள். அது தீர்ந்தால் எந்த நிலையிலும் வீடு திரும்புவது என்பது வீட்டை இழந்தபின் அவர் தமக்கே விதித்துக்கொண்ட ஒழுங்கு. இருபத்திரண்டு ஆண்டுகளாக அதை மீறியதில்லை என்றார்.

போட்டி தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். ஒன்பது பேர் மேசை. அந்தச் சுற்றில் முதலில் முடிவெடுக்க வேண்டிய இருக்கை அவருடையது. சீட்டின் நுனியை உயர்த்தினார். பின்னால் நின்ற எனக்குத் தெரிந்தது: ராஜாவும் ஜாக்கியும். ஒரு கணமும் தயங்காமல் கவிழ்த்துவிட்டார். நானாக இருந்தால் விட்டிருக்கமாட்டேன். அவருக்குப் பின் முடிவெடுக்க எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களில் இருவர் மோதிக்கொண்டு, இறுதியில் சீட்டைக் காட்டினார்கள். ஒருவரிடம் ஆஸும் ராஜாவும். மற்றவரிடம் இரண்டு ராணிகள்.

இன்னும் ஒன்றரை மணி நேரம் சென்றது. இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு இருக்கைக்காரர்கள் சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயப் பந்தயம் கட்டவேண்டும். அந்த முறை சுற்றிச் சுற்றி எல்லாருக்கும் வரும். நேரம் ஆக ஆகத் தொகையும் உயரும். ஆகவே நல்ல சீட்டு வரட்டும் என்று காத்துக்கொண்டே இருப்பவர், ஓர் ஆட்டமும் தோற்காமலேயே தேய்ந்து போவார். முதியவரின் வில்லைகளும் தேய்ந்து, பெரிய கட்டாயப் பந்தயம் ஏழு கட்டும் அளவுக்குத்தான் மிஞ்சின. அப்போது அவர் இருந்தது கடைசியில் முடிவெடுக்கும் இருக்கை. முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கவிழ்த்துவிட்டார்கள். கட்டாயப் பந்தயம் கட்டிய இருவர் மட்டுமே மீதி. சீட்டின் நுனியை உயர்த்தினார். மீண்டும் ராஜாவும் ஜாக்கியும்.

இம்முறை இருந்த அனைத்தையும் இரு கைகளாலும் முன்னே தள்ளினார்.

எதிரே இருந்த பெண்மணி சிறிது யோசித்து ஈடு கட்டினார். அவரிடம் ஆஸும் நான்கும். பொதுச் சீட்டுகள் ஐந்தும் யாருக்கும் உதவவில்லை. ஆஸ் வென்றது. முதியவர் அந்தப் பெண்மணிக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "அதே சீட்டுதானே? முதலில் ஏன் விட்டீர்கள், பிறகு ஏன் எல்லாவற்றையும் வைத்தீர்கள்?"

"சீட்டு அதே சீட்டுதான், ஃபாதர். நான் இருந்த இடம் வேறு, நேரம் வேறு, என்னிடம் மிஞ்சியிருந்தது வேறு. முதலில் எனக்குப் பின்னால் எட்டுப் பேர். இரண்டாவது முறை இரண்டே பேர். காத்திருந்தால் தேய்ந்தே செத்திருப்பேன். மொத்தமும் வைத்தால் எனக்கு இரண்டு வழிகள்: அவர்கள் பயந்து கவிழ்த்தாலும் வெற்றி, கவிழ்க்காவிட்டாலும் சீட்டு வெல்லலாம். சும்மா ஈடு கட்டியிருந்தால் ஒரே வழிதான். இரண்டுங்கெட்டான் சீட்டை விடலாம், அல்லது அதோடு முழுதாக இறங்கலாம். தொட்டும் தொடாமல் கொஞ்சம் கட்டி, என்ன வருகிறது பார்ப்போம் என்று உட்காருவதுதான் கூடாது. எல்லாரும் அதைத்தான் செய்வார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் அது மலிவாகத் தெரியும்."

"ஆனாலும் தோற்றுவிட்டீர்களே?"

"சரியாக ஆடித் தோற்றேன். தவறாக ஆடி வென்றிருந்தால்தான் ஆபத்து. அது தவறான பாடத்தைக் கற்றுக் கொடுத்துவிடும்."

டாயில் பிரன்சன் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளும் உலகப் பட்டத்தை வென்றார். இரு முறையும் இறுதி ஆட்டத்தில் அவர் கையிலிருந்தவை பத்தும் இரண்டும். யாரும் விரும்பாத சீட்டு. அதற்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. அதைக் கண்டு பத்தையும் இரண்டையும் நம்பி ஆடி அழிந்தவர்களின் பெயரை யாரும் எங்கும் சூட்டவில்லை என்றார் முதியவர்.

2017 தவக்காலத்தில் அவருக்கு நோயில்பூசுதல் கொடுத்தேன். அன்று அவர் எனக்கு ஒரு வில்லையைத் தந்தார். அதை வெளியிட்ட கூடம் எப்போதோ இடிக்கப்பட்டுவிட்டது. "இதை எங்கும் மாற்ற முடியாது, ஃபாதர். அதனால் நீங்கள் சூதாடிவிடமாட்டீர்கள்" என்று சிரித்தார். அடக்கத்திற்குப் பின் மகளோடு சேர்ந்து அவர் மேசை இழுப்பறையைத் திறந்தபோது, அந்த வாரத்து உறை இருந்தது. உள்ளே மூன்று இருபது டாலர் தாள்கள்.

* * *

இதுவரை எழுதியவை கேட்கச் சுவையானவை. இனி எழுதப்போவதற்காகத்தான் இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

2018-இல் நான் தாயகம் திரும்பி, இங்கே ஒரு பங்கின் பொறுப்பேற்றேன். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலை, முப்பது வயதுக்குட்பட்ட தம்பி ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். பாவசங்கீர்த்தனம் செய்ய அல்ல, பேச வந்தார். அவரும் அவர் மனைவியும் எழுதச் சொன்னதால்தான் எழுதுகிறேன். ஊரும் பேரும் வேண்டாம். கைப்பேசியில் பணம் கட்டிப் போக்கர் போட்டிகள் ஆடி, நாற்பதாயிரம் ரூபாய் கடன். மனைவிக்குத் தெரியாது. இதை மட்டும் அடைத்துவிட்டால் இனித் தொடமாட்டேன் என்றார்.

"இது லக்கு இல்ல சாமி, மூளை. கோர்ட்டே சொல்லியிருக்கு. போன வாரம் நாப்பது பேருல ஏழாவதா வந்தேன். ஆறு பேருக்குத்தான் பணம். ஒரே ஒரு எடத்துல போச்சு."

கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அந்தப் பச்சை மேசையைக் கண்டதும் என் மனம் நெவாடாவுக்குப் போய்விட்டது. இத்தனை ஆண்டுகளில் இந்த ஊரில் யாரோடும் பேச முடியாத ஒன்றைப் பேச ஓர் ஆள் கிடைத்தது. நான் கேட்டேன்: "என்ன சீட்டுல போன?"

"ராஜாவும் ஜாக்கியும், சாமி."

அடுத்த அரை மணி நேரம், பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில், இருக்கை என்றால் என்ன, எப்போது அந்தச் சீட்டை விடவேண்டும், எப்போது முழுதாக இறங்கவேண்டும் என்று வரைந்து விளக்கினேன். முதியவர் எனக்குச் சொன்ன அத்தனையும் சொன்னேன். உறையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. நினைவுக்கே வரவில்லை. பிறகு, இனி ஆடக்கூடாது என்று அறிவுரை கூறி, என் சேமிப்பிலிருந்து பத்தாயிரம் ரூபாய் கொடுத்து, செபித்து அனுப்பினேன். மனைவியிடம் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்டதற்கும் இணங்கினேன்.

மூன்று மாதத்தில் மீண்டும் வந்தார். ஐந்தாயிரம் கொடுத்தேன். மறுபடி வந்தபோது திருமண ஆயத்தத்திற்கு ஒரு குடும்பம் காத்திருந்தது. இரண்டாயிரம் கொடுத்து விரைவாக அனுப்பிவைத்தேன். 2022 ஜூன் மாதம் அவர் வீட்டைவிட்டுப் போய்விட்டார். கடன் நாலரை லட்சம். மனைவியின் நகைகள் இல்லை.

கைக்குழந்தையோடு அந்தப் பெண் என்னிடம் வந்தாள். அழவில்லை.

"சாமி, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா."

"ஆடுறதுக்கு நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்கன்னு ஒருநாள் சண்டையில சொன்னாரு. அது பொய்தானே சாமி?"

முப்பதாண்டுக் குருத்துவ வாழ்வில் எத்தனையோ கேள்விகளுக்கு விடை சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு, பொய் என்று சொல்ல நா எழவில்லை.

* * *

அன்றிரவு அந்த மூன்று சந்திப்புகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். என்னிடம் வந்தது ஏழும் இரண்டும் அல்ல. குடிபோதையில் மிரட்டிப் பணம் கேட்டிருந்தால் கதவைச் சாத்தியிருப்பேன். நல்ல பையன், பாதி உண்மை, பாதி மனந்திரும்புதல், நம்பவும் முடியாத, தள்ளவும் முடியாத ஒரு வேண்டுகோள். அதற்கு முன் எனக்கு இரண்டு நேர்மையான வழிகள் இருந்தன. பணம் தரமாட்டேன் என்று உறுதியாகச் சொல்லியிருக்கலாம். அல்லது, அன்றிரவே அவரோடு அவர் வீட்டுக்கு நடந்து, மனைவியின் எதிரில் உட்கார்ந்து, எல்லாக் கடன்களையும் தாளில் எழுதி, மருத்துவ ஆலோசனைக்கு அழைத்துப்போய், முழுதாக இறங்கியிருக்கலாம். நான் இரண்டையும் செய்யவில்லை. கொஞ்சம் கட்டி, என்ன வருகிறது பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒருமுறையல்ல, மூன்று முறை. அந்த நேரத்தில் அது மலிவாகத் தெரிந்தது. இரக்கம் போலவும் தெரிந்தது. இழந்தது என் பணமல்ல என்பதுதான் வேறுபாடு.

தாலந்தைப் புதைத்தவனைப் பற்றிப் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறேன். அச்சத்தால் எதையும் வைக்காமலே தேய்ந்து போகிறவன் அவன். ஆனால் கொஞ்சமாக வைத்துவிட்டு, வைத்துவிட்டோம் என்று நிம்மதி அடைகிறவனைப் பற்றி நான் பிரசங்கம் செய்ததில்லை. அவன் நான் என்பதால் கண்ணில் படவில்லை போலும்.

மூன்று வாரம் தேடி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அவரைக் கண்டோம். அவருடைய அண்ணனும், வின்சென்ட் தே பவுல் சபை அன்பர் ஒருவரும், நானும் போனோம். உடனே அவர் வரவில்லை. மூன்று முறை போகவேண்டியிருந்தது. இப்போது குடும்பத்தோடு இருக்கிறார். சம்பளம் மனைவியின் கணக்கில் விழுகிறது. கடனில் பாதிக்குமேல் அடைந்துவிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் வெறும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் அல்ல என்று கருதி, மாநில அரசின் தடைப் பட்டியலிலிருந்து அவற்றை விலக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற வழக்கில் எனக்குக் கருத்துச் சொல்லத் தகுதியில்லை. ஒன்று மட்டும் கண்ணால் கண்டேன்: அந்தத் தம்பியைக் கெடுத்தது வெறும் அதிர்ஷ்டமாக இருந்திருந்தால் அவர் எளிதில் விட்டிருப்பார். அதில் திறமைக்கும் இடமிருந்தது, ஏழாவதாக வந்தார், ஏறக்குறைய வென்றார். அந்த 'ஏறக்குறைய'தான் அவரை விடவில்லை.

"சட்டம் வந்தது நிம்மதிதான் சாமி. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு கை தானா போனைத் தேடுது" என்றார் சென்ற மாதம். அவருடைய மனைவி அருகில்தான் இருந்தாள். நடந்தவை எல்லாவற்றையும், நாள்காட்டித் தாள் உட்பட, அவளிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவள் தலையை மட்டும் அசைத்தாள். மன்னித்தாளா என்று நான் மீண்டும் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கில்லை. ஞாயிறு திருப்பலிக்குக் குழந்தையோடு வருகிறாள்.

எங்கும் மாற்ற முடியாத அந்த வில்லை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மாலை வேளைகளில் யாராவது பாதிக் கதையோடு, பாதிக் கண்ணீரோடு வாசலில் வந்து நிற்கும்போது ஒருமுறை அதைப் பார்த்துக்கொள்கிறேன். என்னால் இயலாததை இயலாது என்று சொல்லிவிடுகிறேன். அது அவருக்குக் கசக்கிறது, எனக்கும் கசக்கிறது. இயலும் என்றால், பணப்பையைத் தேடுவதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவரோடு அவர் வீடுவரை நடக்கிறேன்.